ஈரல் வறுவலும் யூரியாவும்

"மெஷின்ல ரத்தத்த ஊத்துனா அதுவே பேப்பர் துப்பப் போவுது. அதுக்கு என்னாத்துக்குக் கண்ணு ஒரு படிப்பு?"

மருத்துவ ஆய்வகப் படிப்பில் நான் சேர்ந்த வாரம் என் தாய்மாமா மாதேஷ் கேட்டது இது. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஓசூர் தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் ஆலை ஒன்றில், உலைப் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். "நானும்தான் தெனமும் மெஷினுக்கு இரும்பு ஊட்டறேன். எனக்கு யாராவது பட்டம் குடுத்தாங்களா?" என்று வேறு கேட்டார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். "நீங்க சும்மா இருங்க மாமா" என்று மட்டும் சொன்னேன். பதில் கிடைக்கச் சில வருடங்கள் ஆயின. அது அவருடைய ரத்தத்திலிருந்தே கிடைக்கும் என்று அன்றைக்கு இருவருக்கும் தெரியாது.

இந்த மாதிரி அனுபவக் கட்டுரைகளைத் தலை நரைத்தவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் ஓசூரில் நான் வேலை பார்த்த ஆய்வகத்திலிருந்து சால்வை, பூச்செண்டு, கேசரி எல்லாம் வாங்கிக்கொண்டு முறையாக விடைபெற்றுவிட்டதால், இதை எழுத எனக்கு உரிமை உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன். எழுதச் சொன்னவள் நந்தினி. அங்கே ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவள், இப்போது ரத்த வேதியியல் பகுதியில் என் நாற்காலிக்கு வந்திருப்பவள். "புது மெஷின் வந்துருச்சுக்கா. அது நம்பர் மட்டும் போடல, கீழ வெளக்கமும் போடுது. நீங்க பேசற கதையெல்லாம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. இல்லன்னா இனிமே யாரும் பேச மாட்டாங்க" என்றாள். புது மெஷினை நானும் பார்த்தேன். யூரியா கூடினால் 'சிறுநீரகப் பாதிப்பு இருக்கலாம்' என்று அச்சிடுகிறது. வேறொன்று கூடினால் 'கல்லீரல் பாதிப்பு இருக்கலாம்' என்கிறது. அழகான எழுத்து. அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

எங்கள் ஊர் பாகலூரைத் தாண்டி, கர்நாடக எல்லைக்கு நடந்தே போய்விடலாம் என்கிற தூரத்தில் இருக்கிறது. வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம். அம்மா ரோஜாப் பண்ணையில் பூக்களை நீளவாரியாகப் பிரித்துக் கட்டுபவர். அப்பா கல் ஏற்றும் லாரிக்குப் போகிறவர். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்லவேண்டும் என்று சிலர் எதிர்பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. நன்றாகப் படித்தேன், நல்ல மதிப்பெண் வாங்கினேன், கிருஷ்ணகிரியில் பயிற்சியை முடித்தேன், ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தேன். படித்த காலத்தைப் பற்றி இவ்வளவு போதும். பேருந்தில் நின்றுகொண்டே படித்ததையெல்லாம் எழுதினால் பேருந்தின் கதையாகிவிடும்.

ஆய்வகத்தில் எங்கள் தலைவி டாக்டர் ஷைலஜா. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் அத்திப்பள்ளி வழியாக வருவார். வறுத்த கடலை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. ஆய்வகத்துக்குள் எதையும் சாப்பிடக் கூடாது என்பது அவரே போட்ட விதி. அதனால் வாசலுக்கு வெளியே நின்றபடி, கண்ணாடிக் கதவின் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டே கடலை கொறிப்பார். உள்ளே வந்ததும் கையைக் கழுவிவிட்டு, நாங்கள் நீட்டும் அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு ஒரே சொல் சொல்வார்: "ஹௌதா?" அப்படியா என்பதற்குக் கன்னடம். அவ்வளவுதான். தவறு என்று சொல்ல மாட்டார். திட்டவும் மாட்டார். அந்த ஒரு 'ஹௌதா'வுக்குப் பயந்து நாங்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்துவிடுவோம். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போடுவார். அவர் வாயிலிருந்து பாராட்டு வந்து நான் கேட்டதில்லை. சம்பள உயர்வு வந்திருக்கிறது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வேலை எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மஞ்சள் மூடி போட்ட குழாயில் எடுத்த ரத்தத்தை அவசரப்படாமல் நிறுத்திவைக்க வேண்டும். அது தயிர் மாதிரி உறையும். பிறகு சுழற்றும் இயந்திரத்தில் வைத்தால் சிவப்பு கீழே இறங்கி, தெளிந்த நீர் மேலே நிற்கும். அதுதான் சீரம். சோதனை எல்லாம் அதில்தான். மெஷினுக்குள் வைப்பதற்கு முன்னால் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். வைக்கோல் நிறம் என்றால் நல்லது. இளஞ்சிவப்பாக இருந்தால் வழியில் குலுங்கி ரத்த அணுக்கள் உடைந்திருக்கின்றன, அந்தக் குழாயை நம்பக் கூடாது. மோர் மாதிரி கலங்கியிருந்தால், வெறும் வயிறு என்று சத்தியம் செய்தவர் பிரியாணி சாப்பிட்டிருக்கிறார். மஞ்சள் தூக்கலாக இருந்தால் மெஷின் சொல்வதற்கு முன்பே காமாலை என்று நமக்குத் தெரிந்துவிடும். எனக்கு இந்த ஜன்னல் வேலை மிகவும் பிடிக்கும். அதில் நான் கெட்டிக்காரி.

நான் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றை நந்தினி திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாள். பேரிகை என்ற ஊரிலிருந்து வந்த ஒருவருக்குப் பொட்டாசியம் எக்கச்சக்கமாக இருந்தது. அந்த அளவு இருந்தால் இதயம் எந்த நிமிடமும் நின்றுபோகலாம். நான் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஷைலஜா மேடம் வாசலில் நின்று கடலை தின்றுகொண்டிருந்தார்.

"ஹௌதா? ஆள் எங்க?"

"வெளியதான் மேடம் இருக்கார்."

இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். அந்த மனிதர் எதிரே இருந்த டீக்கடைப் பலகையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, செல்போனில் யாரையோ அதட்டியபடி போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதுவும் இரண்டாவது போண்டா.

"இந்தப் பொட்டாசியத்தோட போண்டா திங்க முடியுமா?" என்றார் மேடம்.

திரும்பி வந்து அவருடைய கால்சியத்தைப் பார்த்தேன். உயிரோடு இருப்பவருக்கு இருக்கவே முடியாத அளவுக்குக் குறைவு. அப்போதுதான் விளங்கியது. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து தடவியிருப்பார்கள். அதிலேயே பொட்டாசியம் உண்டு, அது கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். மஞ்சள் குழாயில் ரத்தம் குறைவாக இருந்ததால், ரத்தம் எடுத்தவர் ஊதாவிலிருந்து கொஞ்சம் எடுத்து இதில் ஊற்றி நிரப்பியிருக்கிறார். மறுபடி குத்துவதற்கு மனசு வரவில்லையாம். போண்டாக்காரரைக் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுத்தோம். எல்லாம் சரியாக இருந்தது. "என் ரத்தம் ருசியா இருக்குதா, ரெண்டாந் தடவ எடுக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது மாமாவின் கதை. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது கண்ணு. படிக்கறவன் நாலு பேராவது திருந்தட்டும். ஆனா என் எடைய மட்டும் போட்ராத" என்றார்.

மாமா அந்த ஆலையில் பல வருடம் ஒப்பந்தத்தில் ஓட்டியவர். ஒருவழியாக, உலைப் பக்கத்திலிருந்து சிலரை நிரந்தரமாக்கப் போவதாக அறிவித்தார்கள். மருத்துவப் பரிசோதனையில் தேறினால் போதும். ஆலையிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்குத்தான் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். குறித்த நாளில், இரவு ஷிப்ட் முடித்த உலைக்காரர்கள் கம்பெனி பஸ்ஸில் நேராக வந்து இறங்கினார்கள். மாமா புதுச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக இருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்ததும், "மெஷினுக்குத் தீனி போட வந்துருக்கோம்!" என்று சத்தமாகச் சொன்னார். நந்தினிதான் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தாள். அதே ஆலையில் பேக்கிங் பிரிவில் பகல் வேலை பார்க்கும் பெண்கள் சிலரும் அன்றைக்கே வந்திருந்தார்கள்.

முதல் உலைக்காரரின் யூரியா அதிகம். இரண்டாமவருக்கும் அதிகம். மூன்றாமவருக்கு யூரியாவோடு கிரியேட்டினினும் எல்லையைத் தாண்டியிருந்தது. அடுத்தடுத்து வந்த உலைக்காரர்களுக்கும் இப்படியே. சாப்பிட்ட புரதத்தை உடம்பு பயன்படுத்தியபின் மிஞ்சும் கழிவு யூரியா. தசைகள் அன்றாடம் உதிர்க்கும் கழிவு கிரியேட்டினின். இரண்டையும் வடித்து வெளியே தள்ளுவது சிறுநீரகம். இரண்டும் ரத்தத்தில் தேங்கினால் சிறுநீரகத்தைச் சந்தேகப்பட வேண்டும். ஆனால் வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை ஆண்களுக்கும் ஒரே நாளில் சிறுநீரகம் கெட்டுப்போகுமா? மெஷின்தான் தவறு செய்கிறது என்று நினைத்தேன். அளவு தெரிந்த மாதிரிகளை ஓட்டிப் பார்த்தேன். மெஷின் சரியாகச் சொன்னது. நடுநடுவே ஓடிய பேக்கிங் பெண்களின் எண்களைப் பார்த்தேன். ஒருவருக்குக்கூடக் குறையில்லை.

கடைசியில் மாமாவின் குழாய் வந்தது. யூரியா, கிரியேட்டினின் இரண்டும் மற்றவர்களைவிட அதிகம். காமாலையில் ஏறும் பிலிருபின் கொஞ்சம் கூடுதல். எஸ்ஜிஓடி என்ற என்சைமும் கூடுதல். கல்லீரல் செல் சிதைந்தால் ரத்தத்தில் கசியும் என்சைம்களில் அதுவும் ஒன்று. எஸ்ஜிபிடி என்ற அதன் ஜோடி அவ்வளவு ஏறாமல் இது மட்டும் ஏறியிருந்தால், எந்த மருத்துவருக்கும் முதலில் ஞாபகம் வருவது சாராயம்தான்.

அறிக்கையை நீட்டினேன். மேடம் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன் மாமா குடிப்பாரா?"

"முன்னாடி குடிப்பார் மேடம். இப்ப விட்டுட்டார்."

"ஹௌதா? யார் சொன்னது?"

"அத்தை சொன்னாங்க."

"நாம அத்தை ரத்தமா எடுத்திருக்கோம்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எஸ்ஜிஓடி தசையிலும் உண்டு, இரவெல்லாம் இரும்பு தூக்கியவருக்கு அது ஏறலாம் என்றேன். பார்த்துவிடலாம் என்றார் அவர். மிச்சமிருந்த சீரத்தில் இன்னும் இரண்டு சோதனை போட்டோம். தசை களைத்தால் ஏறும் சிபிகே நன்றாக ஏறியிருந்தது. குடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஏறும் ஜிஜிடி சாதாரணமாக இருந்தது. "குடிக்கலன்னு இதை வச்சு எழுத முடியாது. குடிக்கறார்னும் எழுத முடியாது" என்றவர், கோட்டுப் பையிலிருந்து கடலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "வா. எல்லாரும் எதிர்ல இட்லி தின்றாங்க. நீ வாயைத் திறக்காதே. உன் மாமா இருக்கார். நான் கேக்கறேன்."

எதிர் ஓட்டலில் உலைக்காரர்கள் மூன்று மேசைகளை நிறைத்திருந்தார்கள். தண்ணீர் ஜக்கை நிரப்பி நிரப்பி ஓட்டல் பையன்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது. மேடம் நடுவில் போய் நின்றார்.

"நேத்து ராத்திரி எல்லாரும் என்ன சாப்பிட்டீங்க?"

"ஈரல் மேடம்!" என்றார் முனிராஜ். மாமாவின் கூட்டாளி, கதவை அடைக்கும் தோள்காரர். குரலில் அப்படியொரு பெருமை. "மெடிக்கல்னா ரத்தம் சுத்தமா, கெட்டியா இருக்கணும்ல? அதனால மெஸ்ல சொல்லி வச்சு ஈரல் வறுவல், தலைக்கறி, ரத்தப் பொரியல். எங்க பக்கம் மெடிக்கல் போறவன் எல்லாம் அப்பிடித்தான் பண்ணுவான்."

"ஹௌதா? அப்புறம்?"

"அப்புறமேட்டுக்கு ஒருசந்தி" என்றார் மாமா. கோயிலுக்கு நேர்ந்துகொண்டு இருக்கும் விரதத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். "வெறும் வயித்துல வரணும்னு நோட்டீஸ்ல போட்டுருந்தாங்க. கோயிலுக்கு இருக்கறதவிடக் கறாரா இருந்தோம் மேடம். பச்சத் தண்ணி பல்லுல படல."

"ராத்திரி பூராவா? உலை கிட்டயா?"

"எச்சகூட முழுங்கல" என்றார் முனிராஜ்.

மேடம் கடலைப் பொட்டலத்தை அப்படியே மேசையில் வைத்துவிட்டார். அவர் அதைக் கீழே வைத்து நான் அன்றுதான் பார்த்தேன். கறி விருந்து சாப்பிட்டு யூரியாவுக்கு வேண்டியதையெல்லாம் உள்ளே தள்ளிவிட்டு, இரும்பு உருகும் சூட்டில் இரவு முழுக்க வியர்த்துக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருக்கிறார்கள். சிறுநீரகம் எதைக் கொண்டு வடிக்கும்? பட்டினி கிடந்தால் சிலருக்குப் பிலிருபினும் கொஞ்சம் ஏறும். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தது. வேலைக்காக உடம்பைச் சுத்தமாக்கப்போய், வேலை போகும் அளவுக்கு எண்களைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மேடம் ஆலை மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் பொறுமையாகக் கேட்டார். "பேப்பர் எனக்கு ஒவ்வொண்ணா தான் வருது டாக்டர். வரிசையா பாத்தது நீங்கதான். வார லீவு முடிஞ்சு, நல்லா தண்ணி குடிச்சுட்டு மறுபடி வரச் சொல்லுங்க. நிர்வாகத்துக்கிட்ட நான் பேசறேன்" என்றார். நிர்வாகம் முணுமுணுத்தபடி பட்டியலை ஒரு வாரம் தள்ளிவைத்தது.

ஆனால் செய்தி அதற்குள் ஊருக்குப் போய்விட்டது. மாலையில் மாமா வீட்டுக்குப் போனபோது அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "மஞ்சு, நீ படிச்சவ, மறைக்காம சொல்லு. இந்த ஆளு மறுபடி குடிக்கறாரா? ஈரல் கெட்டுப்போச்சுன்னு முனிராஜ் பொண்டாட்டி சொல்றா."

"ஈரல் கெடல அத்தை. ஈரலத் தின்னதுதான் கெடுத்துது" என்றேன். எல்லாவற்றையும் விளக்கினேன். அத்தை முகம் தெளிந்தது. அந்தச் சந்தோஷத்தில், "பாருங்க, அடுத்த வாரம் மாமாவுக்கு எல்லாம் நார்மலா வரும்" என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் இருந்தேன். அத்தை எனக்குத் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் உலைக்காரர்கள் தண்ணீர் குடித்து, வயிறு குலுங்க வந்தார்கள். ஒவ்வொரு எண்ணாக இறங்கி வந்து இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. நந்தினி ஒவ்வொன்றுக்கும் கை தட்டினாள். மாமாவின் யூரியா சரி. எஸ்ஜிஓடி சரி. பிலிருபின் சரி. கிரியேட்டினின் மட்டும் இறங்கவில்லை. ஒன்று புள்ளி ஆறாக இருந்தது ஒன்று புள்ளி ஐந்து ஆகியிருந்தது. மறுபடி ஓட்டினேன். அதேதான். சிறுநீரில் லேசாகப் புரதமும் தெரிந்தது.

மேடம் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நானே முந்திக்கொண்டேன். "மாமாவுக்குத் தசைக்கட்டு அதிகம் மேடம். தசை அதிகம் இருந்தா கிரியேட்டினின் இயல்பாவே கொஞ்சம் கூடத்தான் இருக்கும்."

"ஹௌதா? அந்தக் கதவு மாதிரி ஒருத்தர் இருந்தாரே, அவருக்கு எவ்வளவு?"

முனிராஜுக்கு மிகச் சாதாரண அளவு.

"இவர் உன் மாமா இல்லன்னா இப்ப என்ன கேப்ப?" என்றார் மேடம்.

வேறு யாராக இருந்தாலும் என்ன கேட்பேன் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் போய்க் கேட்டேன்.

"மாமா, ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"மாத்திரையா? நான் என்ன நோயாளியா கண்ணு? சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல."

அத்தை உள்ளேயிருந்து, "இடுப்புக்குப் போடறியே, அது என்னா?" என்றார்.

"அது மாத்திரையா? அது வலிக்குப் போடறது."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். சீப்புக்குப் பின்னால் ஓர் அட்டை வலி மாத்திரை, பாதி தீர்ந்திருந்தது. ஷிப்டுக்குப் போகும்போது ஒன்று, வந்ததும் ஒன்று. உலைப் பக்கத்தில் பலபேர் இப்படித்தானாம், டீ குடிப்பதுபோல. மாமா போடுவது மட்டும் பல வருடக் கணக்கு. மருந்துக்கடையில் முகத்தைப் பார்த்ததுமே எடுத்து வைத்துவிடுவார்களாம். தண்ணீர் குறைந்த உடம்பில் இந்த மாத்திரை சிறுநீரகத்தை நசுக்கும் என்று நான் சொன்னதும், மாமா அட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இத மட்டும் எழுதாத கண்ணு. எல்லாருக்கும் ஒருசந்தின்னு தானே சொன்னீங்க? எனக்கும் அப்பிடியே சொல்லிரு. இந்த லிஸ்ட்டு போச்சுன்னா அடுத்தது எப்பன்னு யாருக்குத் தெரியும்?"

அத்தை அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் சரி என்று சொல்லிவிடுவேன் என்று இருவருமே எதிர்பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

"நான் என்னத்த மாமா எழுதறது? மெஷினே துப்பிருச்சு" என்றேன். "அத நான் மாத்த மாட்டேன். ஆனா இந்த மாத்திரைய நீங்க நிறுத்துனா, கொஞ்ச நாள் கழிச்சு அதுவே வேற நம்பர் துப்பும். இப்ப மறைச்சு பர்மனென்ட் வாங்குனா, மாத்திரையும் பர்மனென்ட் ஆயிரும். சிறுநீரகம் நிரந்தரமாப் போயிட்டா வாரத்துக்கு ரெண்டு நாள் ரத்தத்த வடிகட்டற மெஷின்ல படுக்கணும். அந்த மெஷினுக்கு நீங்கதான் தீனி."

மாமா என்னை முறைத்தார். அப்புறம், நம்ப மாட்டீர்கள், சிரித்துவிட்டார். "படிக்க வச்சது தப்பாப் போச்சு" என்றார். அத்தை அந்த அட்டையைப் பிடுங்கி அடுப்பில் போட்டார்.

அந்த வாரப் பட்டியலில் மாமா பெயர் வரவில்லை. முனிராஜ் இனிப்பு கொண்டுவந்து கொடுத்தபோது மாமா முதல் ஆளாக எடுத்துக்கொண்டார். அந்த ஒரு நாள் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சிறுநீரக மருத்துவரிடம் அழைத்துப்போனோம். ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரை கூடாது, தண்ணீர் வேண்டும், இடுப்புக்கு உடற்பயிற்சி, சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் என்றார். மாமா அன்றிலிருந்து ஒரு பெரிய பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தார். உலைப் பக்கத்தில் அவருக்குப் பால்காரர் என்று பெயர் வைத்தார்கள். கிரியேட்டினின் ஒன்று புள்ளி மூன்று ஆனது. பிறகு ஒன்று புள்ளி ஒன்று. அன்றைக்கு நான் மேடத்திடம் காகிதத்தை நீட்டினேன். அவர் படித்தார். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். பிறகு கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

ஆலை மருத்துவர், வேலைக்குத் தகுதி உண்டு, ஆனால் உலையிலிருந்து தள்ளி என்று எழுதினார். அடுத்த பட்டியலில் மாமா பெயர் வந்தது. இப்போது வார்ப்புகளைத் தட்டிப் பார்த்துச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறார். "நானும் ஒன்ன மாதிரித்தான் கண்ணு. மெஷின் போட்டுத் தள்ளுது. சரியா தப்பான்னு நான் பாக்கறேன்" என்கிறார். அந்தப் பழைய கேள்வியை அவர் மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தினேன்.

நந்தினி, உனக்குச் சொல்ல வந்தது இதுதான். புது மெஷின் அன்றைக்கு இருந்திருந்தால், அத்தனை பேர் அறிக்கையிலும் 'சிறுநீரகப் பாதிப்பு இருக்கலாம்' என்று ஒரே வரியைத்தான் அச்சிட்டிருக்கும். அந்த வரி மாமாவுக்கு உண்மை. மற்றவர்களுக்குப் பொய். எழுத்தில் ஒரு வித்தியாசமும் இருந்திருக்காது. நேற்று என்ன சாப்பிட்டீர்கள், தண்ணீர் குடித்தீர்களா, சட்டைப் பையில் என்ன என்று கேட்டதால்தான் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்தன. ஆனால் அந்தக் கேள்விகளை நாம் ஊசி குத்திய பிறகு, இட்லிக் கடையில் போய்க் கேட்டோம். ஊசிக்கு முன்னால் கேட்டிருந்தால் அந்த ஒரு வாரக் கலக்கமே யாருக்கும் இல்லை. ஆய்வகத்தில் எனக்கு வந்தவை எல்லாம் குழாய்கள். குழாயிடம் கேட்க முடியாது. இதை மேடத்திடம் சொன்னபோது, "ஹௌதா? அப்ப இங்க ஏன் உக்காந்திருக்க?" என்றார்.

அதனால்தான் விடைபெற்றேன். பாகலூர் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ரத்தம் எடுத்துப் பழைய ஆய்வகத்துக்கே அனுப்புவேன். மேடம் கையெழுத்துப் போடுவார். அறிக்கை வந்ததும் ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எந்த எண்ணுக்கு மருத்துவரிடம் ஓட வேண்டும், எந்த எண்ணுக்கு ஓட வேண்டாம் என்று அவரவர் மொழியில் சொல்வேன். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பலகை எழுதச் சொன்னேன். "வெறும் வயிறு என்றால் தண்ணீர் குடிக்கலாம். போடும் மாத்திரைகளைக் கையோடு கொண்டுவாருங்கள். வலிக்குப் போடுவதும் மாத்திரைதான்." பலகை எழுதியவர் கடைசி வரியை இரண்டு முறை படித்துவிட்டு, தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இன்று காலை கதவைத் திறந்தேன். வாசலில் தண்ணீர்க் கேனும் டம்ளரும் வைத்தேன். மாமா தன் பெரிய பாட்டிலிலிருந்து அதில் கொஞ்சம் ஊற்றித் தொடங்கிவைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கம்பெனிச் சீருடையில் ஒருவர் வந்தார். உட்காரும் முன்பே சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி நீட்டினார். நாளை மறுநாள் அவருக்கு மெடிக்கலாம்; அதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டுமாம்.

நான் ஊசியை எடுக்கவில்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"கைய அப்புறம் பாக்கலாங்கண்ணா. நேத்து ராத்திரி என்ன சாப்டீங்க?"